முன்னொட்டும் பின்னொட்டும் முரண்டு பிடித்தால்: பிழையைப் பார்த்துத் திருத்தும் வழி

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கொப்பிக்குள் இரண்டு பக்கப் போட்டோப்பிரதி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். முன்பக்கம் ஆங்கில முன்னொட்டுகள், பின்பக்கம் பின்னொட்டுகள், எதிரே அவற்றின் பொருள். யார் தயாரித்த தாள் என்று எவருக்கும் தெரியாது. கிளிநொச்சியிலும் அதே தாள், மல்லாவியிலும் அதே தாள். ஒப்புவிக்கச் சொன்னால் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் அதே பிள்ளை 'இன்ஹாப்பி' என்று எழுதி வைக்கும்.

தாளில் குற்றமில்லை. ஆனால் சிவப்பு மையால் சுழித்த பத்து விடைகளுக்குள் நான்கைந்து வகைக் கோளாறுகள் இருக்கும். எது எந்தக் கோளாறு என்று அந்தத் தாள் சொல்லாது. வயிற்று வலிக்கும் தலைவலிக்கும் ஒரே குளிசை என்பது போலப் பட்டியலைத் திரும்பவும் மனப்பாடம் செய்வதுதான் நடக்கிறது. ஆகவே இதை வரிசையாகப் படிக்க வேண்டாம். திருத்தித் தந்த விடைத்தாளை முன்னால் வையுங்கள். உங்கள் பிழை எப்படித் தோன்றுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வகுப்பில் சொல்வதெழுதல் நடத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிப் பார்த்து, ஆங்கில எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

தொடங்கும் முன்: சொல்லை உடைக்கத் தெரிகிறதா?

வன்னியில் வளர்ந்தவருக்கு இதற்குப் பாடநூல் தேவையில்லை. 2009க்குப் பிறகு இங்கே நட்ட பெயர்ப்பலகைகளே போதும். 'ரீசெட்டில்மென்ட்' என்ற சொல்லை ஆங்கிலம் படிக்காத அம்மம்மாக்களும் சரளமாகச் சொல்வார்கள். அதைத் தமிழுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்துப் பாருங்கள். மீள், குடியேறு, அம். ரீ, செட்டில், மென்ட். தலை, உடல், வால் மூன்றும் அதே ஒழுங்கில் வருகின்றன. குடியேறு என்பது குடியேற்றம் ஆகும்போது று போய் ற்ற வந்ததையும் கவனியுங்கள். பொருத்தும் இடத்தில் எழுத்து மாறுவது ஆங்கிலத்தின் தனிக் குணம் அல்ல.

கண்ணிவெடிப் பலகைகளில் இருந்த இன்னொரு சொல் 'அன்எக்ஸ்ப்ளோடட்'. வெடிக்காத. இங்கே ஒழுங்கு மாறுகிறது. தமிழ் 'வெடி' என்று சொல்லிவிட்டுப் பிறகு மறுக்கிறது. ஆங்கிலம் மறுத்துவிட்டுப் பிறகு சொல்கிறது. இதை நினைவில் வைத்திருங்கள், கீழே தேவைப்படும்.

"சொல் சரியான சொல்தான், ஆனாலும் பிழை போட்டிருக்கிறது"

அதிகமாக வருவது இதுதான். 'டீப்' என்ற சொல் கொடுக்கப்பட்டிருக்கிறது; அதன் பொருத்தமான உருவத்தைக் கோடிட்ட இடத்தில் எழுத வேண்டும். பிள்ளை 'டீப்லி' என்று எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை, அகராதியிலும் அந்தச் சொல் இருக்கிறது. கோளாறு அது உட்கார்ந்த கதிரையில். கோடிட்ட இடம் பெயரைக் கேட்கிறதா, பெயரடையைக் கேட்கிறதா, வினையடையைக் கேட்கிறதா என்று பார்க்காமல், நினைவுக்கு முதலில் வந்த வாலை ஒட்டிவிட்டார்கள்.

கொடுத்த சொல்லைப் பெருவிரலால் மறையுங்கள். வசனத்தை மட்டும் வாசித்து, இடைவெளியில் தமிழில் என்ன வரும் என்று சொல்லுங்கள். 'இரணைமடுக் குளத்தின் ___ அளந்தார்கள்.' ஆழத்தை. 'அது ஒரு ___ குளம்.' ஆழமான. 'அவள் ___ யோசித்தாள்.' ஆழமாக. தமிழ் வாலே விடையைச் சொல்லிவிடுகிறது. ஆழம் என்றால் டெப்த், ஆழமான என்றால் டீப், ஆழமாக என்றால் டீப்லி. இலக்கணப் பெயர்கள் தெரியாத பிள்ளைக்கும் இது வேலை செய்யும். பெயரடை என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பவர்கள்கூட 'ஆன', 'ஆக' என்பதில் பிழை விடுவதில்லை.

"மேலே சொன்ன சோதனையைச் செய்தும் பிழை வருகிறது"

அப்படியானால் வினைச்சொல்லைப் பாருங்கள். 'அவள் பார்க்கச் சோகமாக இருக்கிறாள்.' தமிழில் 'ஆக' வந்துவிட்டது என்று பிள்ளை 'ஷி லுக்ஸ் சேட்லி' என்று எழுதும். நல்ல பிள்ளைகள்தாம் இந்தக் குழியில் விழுகிறார்கள், ஏனென்றால் அவர்கள்தாம் சோதனையை ஒழுங்காகச் செய்கிறார்கள். இருத்தல், தோன்றுதல், உணர்தல், மணத்தல், ருசித்தல் ஆகிய வினைகளோடு தமிழ் 'ஆக' போடும். ஆங்கிலம் வெறும் பெயரடையை வைக்கும். ஷி லுக்ஸ் சேட். மாம்பழம் இனிப்பாக இருக்கிறது என்பதற்கு டேஸ்ட்ஸ் ஸ்வீட், ஸ்வீட்லி அல்ல.

இதற்கு ஒரு சிறிய சோதனை உண்டு. அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள். ஷி இஸ் சேட்: வசனம் நிற்கிறது, ஆகவே பெயரடை. ஆனால் 'உடைந்த வீட்டைச் சோகமாகப் பார்த்தாள்' என்பதிலும் ஆங்கிலத்தில் அதே 'லுக்'தான் வரும். அங்கே 'இஸ்' போட்டால் வசனம் விழுந்துவிடும். அது தோற்றம் அல்ல, பார்வை, ஆகவே சேட்லி. ஒரே வினை இரண்டு வேலை செய்கிறது. வினையின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

"வால் சரி, ஆனால் வசனத்தின் பொருள் தலைகீழாகிவிட்டது"

'சக்சஸ்' என்ற சொல்லைத் தந்து, 'குளம் நிரம்பியிருந்தும் அந்தப் போகம் ___' என்று ஒரு வசனம். பிள்ளை 'சக்சஸ்ஃபுல்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் பேனையை மூடும். 'நிரம்பியிருந்தும்' என்பதன் 'உம்' கண்ணில் படவில்லை. வேண்டியது 'அன்சக்சஸ்ஃபுல்'.

இது ஏன் நம் பிள்ளைகளுக்கு இத்தனை தடவை நடக்கிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். வெடிக்காத என்ற சொல்லில் பார்த்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முடியாது, தெரியாத, வராமல்: தமிழனின் காது மறுப்பைப் பின்னால் எதிர்பார்த்துப் பழகியது. ஆங்கிலச் சொல்லின் பின்பக்கத்தை 'ஃபுல்' போட்டு மூடியதும் வேலை முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆகவே வாலை ஒட்டிய பிறகு ஒரு தடவை தலையைத் தடவிப் பாருங்கள். பட், ஆல்தோ, வித்தவுட் போன்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் இரண்டு தடவை.

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் பரீட்சையில் ஒரு பகுதி முழுக்க இந்த வேலைதான். ஒரு பந்தி, அதில் 8 இடைவெளிகள், வரியின் முடிவில் பெரிய எழுத்தில் ஒரு வேர்ச்சொல். அதை எழுதுபவர்களுக்கு நான் சொல்வது, பந்தியை முடிவு வரை வாசிக்காமல் முதல் இடைவெளியைத் தொடாதீர்கள் என்பது. ஒரு சொல்லுக்கு மறுப்பு வேண்டுமா என்பதை அடுத்த வசனம்தான் பல நேரங்களில் சொல்லும்.

"மறுப்பு வேண்டும் என்று தெரிகிறது, அன், இன், இம், இல், இர் எது என்று தெரியவில்லை"

இதில் சற்று நேரம் எடுத்துக்கொள்வோம். இங்கேதான் மனப்பாடத் தாள் பிள்ளைகளை அதிகம் கைவிடுகிறது.

இன், இம், இல், இர் ஆகியவை நான்கு முன்னொட்டுகள் அல்ல. ஒன்றே ஒன்று. மா என்ற சொல்லோடு பழம் சேர்ந்தால் மாம்பழம், காய் சேர்ந்தால் மாங்காய், தோப்பு சேர்ந்தால் மாந்தோப்பு. அடுத்து வரும் எழுத்துக்கு வாய் முன்கூட்டியே ஆயத்தமாகிறது. இன் என்பதும் அப்படியே. உதடு ஒட்டும் ஒலிக்கு முன்னால் அது இம் ஆகும்: இம்பொசிபிள், இம்பேஷன்ட், இம்மெச்சூர், இம்பேலன்ஸ். நல் என்பதும் நெறி என்பதும் சேர்ந்து நன்னெறி ஆகும்போது, பக்கத்து எழுத்தைப் போலவே மாறிவிடுகிறது அல்லவா? எல், ஆர் எழுத்துகளுக்கு முன்னால் இன் அதைத்தான் செய்கிறது: இல்லீகல், இல்லிட்டரேட், இல்லொஜிக்கல், இர்ரெகுலர், இர்ரெஸ்பொன்சிபிள். மற்ற இடங்களில் இன் இன்னாகவே நிற்கும்: இன்விசிபிள், இன்டைரெக்ட், இன்கரெக்ட். கடைசிச் சொல்லை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்து 'என்'தான், ஆனால் வாய் மாங்காய்க்குப் போவது போல 'இங்' என்று போகப் பார்க்கும்.

ஒரு வகுப்பில் மாம்பழத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றேன். பின்வரிசைப் பையன் ஒருவன், "ரீச்சர், அப்படியென்றால் 'இன்பொசிபிள்' என்பது 'மான்பழம்' போலவா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அந்தப் பிழை வரவில்லை. யாராவது எழுதினால் மற்றவர்களே "மான்பழம்" என்று கத்திவிடுவார்கள்.

சரி, இன் குடும்பமா, அன்னா? அன் ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு. இன் லத்தீனிலிருந்து வந்தது, ஆகவே பெரும்பாலும் லத்தீன் வழிச் சொற்களோடுதான் ஒட்டும். நம்மிடமும் இப்படி ஒன்று உண்டு. அநீதி, அசுத்தம், அசாத்தியம் என்கிறோம்; ஆனால் 'அநல்ல', 'அஉண்மை' என்று சொல்வதில்லை. அந்த 'அ' வடமொழிச் சொற்களோடு மட்டும் பழகும். (வடமொழியின் இந்த 'அ', லத்தீனின் 'இன்', ஆங்கிலத்தின் 'அன்' மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது மொழியியலார் முடிவு. பரீட்சைக்கு உதவாது, ஆனால் எனக்குப் பிடித்த செய்தி.) ஹாப்பி, லக்கி, கைண்ட் போன்ற வீட்டுப் புழக்கச் சொற்களுக்கு அன் வரும். பொசிபிள், விசிபிள் போன்ற, படிப்பு வாசனை அடிக்கும் சொற்களுக்கு இன் குடும்பம் வரும்.

வழுக்கும் இடங்களும் உண்டு. பொப்புலர், ரியல், பிளெசன்ட் மூன்றும் படித்த குடும்பத்துச் சொற்கள்தாம், ஆனாலும் அன் எடுக்கின்றன. இன்னொரு தொல்லை, ஒரே சொல்லின் பெயரடை அன் எடுக்கும், பெயர்ச்சொல் இன் எடுக்கும். அனேபிள், ஆனால் இனெபிலிட்டி. அன்ஈக்குவல், ஆனால் இன்ஈக்குவாலிட்டி. அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ். இந்த மூன்று சோடியையும் மனப்பாடம் செய்யுங்கள். மனப்பாடத்துக்கு நான் எதிரி அல்ல. எதை மனப்பாடம் செய்வது என்பதில்தான் என் வழக்கு.

டிஸ், மிஸ் இரண்டையும் குழப்புபவர்களுக்கு ஒரு வரி: மிஸ் என்றால் செய்தது தவறாகச் செய்தது, டிஸ் என்றால் செய்யாதது அல்லது நேரெதிர். மிஸ்அன்டர்ஸ்டாண்ட் செய்தவன் விளங்கிக்கொண்டான், ஆனால் பிழையாக. டிஸ்அக்ரீ செய்தவன் உடன்படவே இல்லை.

"பெயர்ச்சொல் வேண்டும், மென்ட், ஷன், னஸ், அல் என்று ஊகித்து ஊகித்துப் பிழைக்கிறது"

'அரைவ்' என்பதற்கு அரைவ்மென்ட் என்றும் அரைவேஷன் என்றும் எழுதுகிறார்கள். அரைவல் என்பதுதான் சொல். "எப்படி ரீச்சர் தெரிந்துகொள்வது?" என்று கேட்டால், தெரிந்துகொள்ள விதி இல்லை என்பதே நேர்மையான பதில். ஓடு என்பதற்கு ஓட்டம், படி என்பதற்குப் படிப்பு, நட என்பதற்கு நடை, நினை என்பதற்கு நினைவு. ஓட்டத்துக்கு 'ஓடுப்பு' என்றோ படிப்புக்குப் 'படிவு' என்றோ சொன்ன பிள்ளை உண்டா? யாரும் விதி சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்திலும் அப்படித்தான் வர வேண்டும். வினையைப் படிக்கும்போதே அதன் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்: ரிஃபியூஸ் ரிஃபியூசல், ஃபெயில் ஃபெயிலியர், மூவ் மூவ்மென்ட், சூஸ் சொய்ஸ், சக்சீட் சக்சஸ், குரோ குரோத். தனியாக வந்த வினையைக் கொப்பிக்குள் விடாதீர்கள்.

நம்பக்கூடிய சில ஒழுங்குகள் உண்டு. 'ஏபிள்' என்று முடியும் பெயரடை 'எபிலிட்டி' ஆகும். 'ஃபுல்', 'லெஸ்' என்று முடிபவை 'னஸ்' எடுக்கும். 'ஃபை' என்று முடியும் வினை பெரும்பாலும் 'ஃபிகேஷன்' ஆகும். சட்டிஸ்ஃபை போன்ற சில மட்டும் அடம்பிடிக்கும்: அது சட்டிஸ்ஃபக்ஷன் ஆகிவிடும்.

"சொல் சரி, இணைப்பில் ஓர் எழுத்துக் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது"

முதலில் எந்தப் பக்கத்து இணைப்பு என்று பாருங்கள். தலைப் பக்கம் என்றால் வேலை எளிது. இன், இம், இல், இர் எது என்று முடிவான பிறகு, முன்னொட்டு ஒட்டும்போது இரண்டு பக்கமும் ஓர் எழுத்தும் மாறாது. டிஸ் என்று எழுதுங்கள், கூட்டல் குறி போடுங்கள், அப்பியர் என்று எழுதுங்கள், கூட்டல் குறியை அழியுங்கள். எஸ் ஒன்றுதான் இருக்கும். மிஸ் கூட்டல் ஸ்பெல்: இரண்டு எஸ். அன் கூட்டல் நெசசரி: இரண்டு என். இம் கூட்டல் மெச்சூர்: இரண்டு எம். 'டிஸ்அப்பியர்' என்பதற்கு இரண்டு எஸ் போடும் பிள்ளை பெரும்பாலும் அப்பியருக்குள் இருக்கும் இரட்டை பீயில் ஒன்றைத் தின்றுவிடும். கடன் எங்கோ தீர வேண்டும் என்று நினைப்பார்கள் போலும்.

வால் பக்கம் என்றால் எழுத்து மாறும். பந்து என்பதோடு ஐ சேர்ந்தால் பந்தை: உகரம் ஓடிவிடுகிறது. கள் சேர்ந்தால் பந்துகள்: உகரம் அசையாமல் நிற்கிறது. ஆங்கிலச் சொல்லின் இறுதியில் ஊமையாக நிற்கும் ஈ எழுத்தும் இதே குணம் உடையது. உயிர் ஒலியில் தொடங்கும் வால் வந்தால் ஓடும்: யூஸ், யூசபிள். மெய்யில் தொடங்கும் வால் வந்தால் நிற்கும்: யூஸ்ஃபுல். விலகுபவை சில: ட்ரூலி, ஆர்கியுமென்ட் இரண்டிலும் காரணமில்லாமல் ஓடிவிடும். நோட்டிசபிள், சேஞ்சபிள் இரண்டிலும் ஓடாது. ஓடினால் சி, ஜி எழுத்துகளின் மெல்லொலி கெட்டு 'நோட்டிக்கபிள்', 'சேங்கபிள்' என்று வாசிக்க நேரும்.

மெய்யை அடுத்து வை எழுத்தில் முடிந்தால் அது ஐ ஆகும்: ஹாப்பினஸ், பியூட்டிஃபுல், ரிலையபிள். வைக்கு முன் உயிரெழுத்து இருந்தால் தொடாதீர்கள்: என்ஜோய்மென்ட், பிளேஃபுல். வாலாக வரும் ஃபுல் என்பதற்கு எல் ஒன்றுதான். அதன்மேல் இன்னும் 'லி' ஒட்டும்போது இரண்டாகும். அவ்வளவுதான்.

"'லி' போட்டேன், எல்லோரும் சிரித்தார்கள்"

வேலைக்கு விண்ணப்பம் எழுதிய ஒரு பிள்ளை, தான் கடினமாக உழைப்பவள் என்று சொல்ல நினைத்து 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதிக் கொண்டுவந்தாள். நான் வேலை செய்வதே அரிது என்று பொருள். நல்லவேளை, தபாலில் போடும் முன் காட்டினாள். ஹார்ட், ஃபாஸ்ட், லேட் மூன்றும் உருவம் மாறாமலே வினையடையாக நிற்கும். ஹார்ட்லி, லேட்லி என்பவை வேறு பொருள் கொண்ட வேறு சொற்கள். ஃபாஸ்ட்லி என்று ஒரு சொல் வழக்கில் இல்லை. ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி ஆகியவை வாலைப் பார்த்தால் வினையடை போலத் தோன்றும், ஆனால் பெயரடைகள்.

"ஆளைச் சொல்லப் போய்ப் பொருளைச் சொல்லிவிட்டேன்"

ரீச் செய்பவர் ரீச்சர், டிரைவ் செய்பவர் டிரைவர், ஆகவே சமைக்கும் அம்மா குக்கர் என்று பிள்ளை எழுதிவிடும். அம்மா குக். குக்கர் அடுப்பங்கரையில் விசில் அடிக்கும். எம்ப்ளோயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளோயீ வேலை பார்ப்பவர்; ஈயில் முடிந்தால் பெரும்பாலும் பெறுகிறவர். மற்ற ஆட்பெயர்களை வினைக்குச் சொன்னது போலவே சோடியாகப் படியுங்கள்.

"இன் என்றால் இல்லை என்று எடுத்தேன், பொருள் பிழைத்தது"

ஏ9 வீதியில் எரிபொருள் பவுசருக்குப் பின்னால் சைக்கிளில் போகும்போது அதன் முதுகில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தால், எரியாதது என்று வாசித்துவிடாதீர்கள். நன்றாக எரியும். அங்கே உள்ள இன் மறுப்பு அல்ல, 'உள்ளே' என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் இன். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் இப்போது எச்சரிக்கைப் பலகைகளில் இன்னை நீக்கி 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதுகிறார்கள். இன்வேல்யுவபிள் என்பதும் மதிப்பற்றது அல்ல; மதிப்பிட முடியாத அளவுக்கு மேலானது.

"திருத்திய பிழை அடுத்த வாரமும் வருகிறது"

அப்படியானால் பயிற்சியின் முறை பிழை. அறுபது முன்னொட்டுகளை ஒரு நாளில் பார்ப்பதை விட்டு, ஒரு நாளுக்கு ஒரு வேர்ச்சொல் எடுங்கள். யூஸ் என்பதை எடுத்தால் யூசர், யூஸ்ஃபுல், யூஸ்லெஸ், யூசேஜ், ரீயூஸ், மிஸ்யூஸ், யூசபிள், அன்யூசபிள் என்று ஒரு பக்கம் நிறையும். அகராதியில் யூஸ் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். முன்னொட்டு ஏறிய சொற்கள் வேறு எழுத்துகளுக்குக் கீழே சிதறிக் கிடக்கும். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வசனம் எழுதுங்கள். வீட்டைப் பற்றி எழுதும்போது பொய்யான வசனம் எழுத வராது, பக்கத்துப் பக்கத்துச் சொற்களின் வித்தியாசமும் தானாகப் பிடிபடும். வட்டக்கச்சிப் பிள்ளை ஒன்று சென்ற மாதம் எழுதிய இரண்டு வசனங்கள் என் கொப்பியில் இருக்கின்றன. அப்பாவின் பழைய வாட்டர் பம்ப் இப்போது அன்யூசபிள். அம்மா அதன்மேல் ரோசாச் சாடி வைத்திருப்பதால் அது யூஸ்லெஸ் அல்ல.